துருசைப் பூட்டாமல் வரம்பு கட்டாதீர்கள்: சீனி கூடும்போது உடற்கலங்களைக் காப்பாற்றும் முழு வழிகாட்டி

கனடாவிலிருக்கும் பெரியம்மாவின் மகன் போன வருடம் அனுப்பிய பார்சலில் சொக்கலேற், சவர்க்காரம் எல்லாவற்றோடும் ஒரு பெரிய குளிசைப் போத்தலும் வந்தது. விற்றமின் சி, விற்றமின் ஈ, திராட்சை விதைச் சாறு, இன்னும் என்னென்னவோ கலந்தது, மேலே கொட்டை எழுத்தில் அன்டிஒக்சிடன்ட் என்று. சலரோகம் கலங்களை ஒட்சியேற்றிப் பழுதாக்குமாம், இது தடுக்குமாம். அம்மா ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் விழுங்கினார். முடிவில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை, பார்த்தால் 9.1. 7க்குக் கீழே இருக்க வேண்டியது.

காரணம் தேட அதிக தூரம் போகவில்லை. காலையில் அரை றாத்தல் பாண், பத்து மணிக்கு ஒரு பிளேன்ரீ, பின்னேரம் இன்னொன்று, பக்கத்து வீட்டு மாமி வந்தால் மூன்றாவது. கேட்டால், "சீனி போடேல்லைத் தம்பி, பனங்கட்டிதானே கடிக்கிறன்" என்கிறார். பனங்கட்டியும் பெரும்பாலும் சுக்குரோசுதான், கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சாமான். பனையோலைக் குட்டானில் கட்டித் தந்தால் இரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.

நான் கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன், வைத்தியர் இல்லை. ஆனால் அந்தப் போத்தலில் எழுதியிருந்த விஷயம் பாதி உண்மை, பாதி பிழை. எந்தப் பாதி எது என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

சுகமாக இருக்கும் ஒரு பெரிய ஆளின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம். அதில் கரைந்திருக்கும் குளுக்கோசு முழுவதையும் வடித்தெடுத்தால் 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கணக்குப் பார்க்கச் சொல்வேன்: 100 மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் என்றால் 5 லீற்றரில் எவ்வளவு? சீனி 200 ஆனால் அது இரண்டு தேக்கரண்டி. அந்த ஒரு தேக்கரண்டிக்குத்தான் கண்ணும் சிறுநீரகமும் காலும் விலை கொடுக்கின்றன.

உடம்பில் பெரும்பாலான கலங்கள் கெட்டிக்காரர்கள். வெளியே குளுக்கோசு கூடினால் உள்ளே விடும் அளவைக் குறைத்துக்கொள்வார்கள். சிலருக்கு அந்த வசதி இல்லை: விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை உள்ளே மூடியிருக்கும் கலங்கள், சிறுநீரக வடிகட்டியில் இருக்கும் கலங்கள், நரம்புக் கலங்கள். வெளியே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் உள்ளே வரும். இரணைமடுக் குளத்து வாய்க்காலில் தண்ணீர் வரும்போது தன் வயலின் வாயை அடைக்க மண்வெட்டியோடு ஆள் நிற்கும் வயலும் இருக்கும், ஆளே இல்லாத வயலும் இருக்கும். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகான துருசை அளவுக்கு மிஞ்சித் திறந்தால் எந்த வயலின் வரம்பு உடையும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சலரோகம் ஏன் கண், சிறுநீரகம், நரம்பு என்று தேடிப் பிடித்து அடிக்கிறது என்பதற்கான விடை அதுதான்.

சரி, உள்ளே வந்த குளுக்கோசு எரிய வேண்டும். எரியும் அடுப்பு இழைமணி, ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகள் மைற்றோகொண்ட்ரியா என்பார்கள். அங்கே இலத்திரன்கள் ஒரு சங்கிலியில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஒட்சிசனிடம் போய்ச் சேரும். எரிபொருள் அளவுக்கு மிஞ்சினால் அந்தச் சங்கிலியில் நெரிசல். நடுவில் நிற்கும் இலத்திரன் பொறுமையிழந்து அருகிலிருக்கும் ஒட்சிசனில் ஏறிக்கொள்ளும். அப்படிப் பிறப்பதுதான் சுப்பரொட்சைட்டு, கிட்ட வருகிற எதையும் ஒட்சியேற்றிவிடும் ஒரு முரட்டு மூலக்கூறு.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் மைக்கல் பிரவுண்லீ 2001இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் இதன் அடுத்த கட்டத்தை ஒழுங்குபடுத்தினார். சுப்பரொட்சைட்டு கூடும்போது குளுக்கோசை உடைக்கும் பாதையில் உள்ள ஒரு முக்கிய நொதியம் முடங்குகிறது. பிரதான வாய்க்கால் தூர்ந்த மாதிரி. பின்னால் வரும் தண்ணீர் என்ன செய்யும்? கிளை வாய்க்கால்களில் பாயும். அப்படி நான்கு கிளைகளை அவர் சொன்னார். நான்கையும் இங்கே விரித்தால் வகுப்பாகிவிடும், இரண்டு போதும்.

ஒன்றில் குளுக்கோசு சோர்பிற்றோலாக மாறுகிறது. அந்த மாற்றம், கலத்தின் சொந்தக் காவற்காரனான குளுற்றதையோனைத் திரும்பத் தயார்படுத்தத் தேவையான அதே பொருளைத் தின்றுவிடுகிறது. அதாவது கள்ளன் கூடும் நேரத்தில் காவற்காரனின் சாப்பாட்டையும் நிறுத்துவது. இன்னொன்றில் சீனித் துண்டுகள் புரதங்களில் ஒட்டிக்கொள்கின்றன. பாண் வாட்டும்போது மேற்பக்கம் பழுப்பாக வருமே, அந்த இரசாயனத்துக்குச் சொந்தம் இது. கண்வில்லை, குழாய்ச் சுவர் எல்லாம் மெல்ல மெல்ல வாட்டின பாணாகிறது. எச்பிஏ1சி என்று நாம் பார்க்கும் சோதனையும் இதே ஒட்டலைத்தான் அளக்கிறது, செங்குருதிக் கலத்திலுள்ள ஈமோகுளோபினில்.

போத்தலில் எழுதியிருந்ததில் எது பிழை

சுப்பரொட்சைட்டுத்தான் எதிரி என்றால் அதை அழிக்கும் குளிசை சரிதானே? ஆய்வுகூடத் தட்டில் பார்த்தால் சரிதான். பிரசவத்துக்குப் பிறகு கிடைக்கும் தொப்புள்கொடியின் நாளத்திலிருந்து கலங்களைப் பிரித்து வளர்ப்பார்கள். ஒரு தட்டில் லீற்றருக்கு 5.5 மில்லிமோல் குளுக்கோசு, அதாவது 100 மில்லிகிராம் கணக்கு. மற்றதில் 25 அல்லது 30 மில்லிமோல், அதாவது 450, 540. அதிகச் சீனிக் கலங்கள் வாடும், ஏதாவது இலைச்சாற்றை விட்டால் தெளியும். "இந்த மூலிகை கலங்களைக் காக்கிறது" என்று முகநூலில் வருபவை பெரும்பாலும் இதிலிருந்து பிறந்தவைதான். தட்டுக்கு வயிறு இல்லை, ஈரல் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் தட்டில் புலி, வாயால் சாப்பிட்டால் இரத்தத்தில் போய்ச் சேருவது சொற்பம்.

மனிதரில் பார்த்தபோது கதை வேறு. ஹோப் என்ற பெரிய பரிசோதனையில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 400 அலகு விற்றமின் ஈ கொடுத்து நாலைந்து வருடம் பார்த்தார்கள். அவர்களில் சலரோகக்காரரும் நிறைய. 2000இல் முடிவு வந்தது: மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ குறைவு இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீற்றா கரற்றீன் கொடுத்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடவே செய்தது, அது 1994. 2009இல் இன்னொரு ஜேர்மன் ஆய்வு: உடற்பயிற்சி செய்தவர்களுக்கு விற்றமின் சியும் ஈயும் கொடுத்தபோது பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் நன்மை வராமல் போய்விட்டது. பயிற்சி செய்யும்போது பிறக்கும் கொஞ்ச ஒட்சியேற்றம்தான் கலத்தை எழுப்பித் தன் சொந்த நொதியங்களைச் செய்ய வைக்கிறது. குளிசை போட்டு அந்த மணியோசையையே அடக்கிவிட்டார்கள்.

என் கருத்து இதுதான். துருசு முழுக்கத் திறந்திருக்கும்போது உடைந்த வரம்பில் மண் அள்ளிப் போடுவது வீண் வேலை. முதலில் துருசு. இனிப் படிப்படியாக.

படி 1: எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏமாற்றாமல்

கிளினிக் நாளுக்கு இரண்டு நாள் முன்னம் பத்தியம் பிடிக்கும் கலையில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை. அம்மா புதன்கிழமை கிளினிக் என்றால் திங்கள் இரவிலிருந்து குரக்கன் கஞ்சி. புதன் விடிய வெறும் வயிற்றில் 118. டொக்டர் சந்தோசம், அம்மா சந்தோசம், வரும் வழியில் சந்தையில் கதலிப்பழம் ஒரு சீப்பு.

எச்பிஏ1சியை அப்படி ஏமாற்ற முடியாது. செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருப்பதால் கடந்த இரண்டு மூன்று மாதக் கதையை அது சொல்லும். 7 என்றால் சராசரி 154, 9 என்றால் 212. சலரோகம் என்று தீர்மானிக்கும் எல்லை 6.5. சலரோகக்காரரில் பெரும்பாலானோருக்கு 7க்குக் கீழே என்பது இலக்கு. வயதானவர்கள், அடிக்கடி சீனி இறங்குபவர்களுக்கு வைத்தியர் கொஞ்சம் தளர்த்தி வைப்பார். இரத்தச்சோகை இருந்தால் இந்த எண் பிசகக்கூடும், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் சீனி பார்க்கும் மெசின் இருந்தால் வெறும் வயிற்றில் மட்டும் பார்க்காமல் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் ஒருக்காப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. அதிக அளவில் விற்றமின் சி எடுப்பவர்களுக்குச் சில மெசின்கள் பொய் எண் காட்டும், போத்தல்காரர்கள் கவனிக்க.

இன்னும் சலரோகம் என்று சொல்லப்படாதவர்களும் 35 வயது தாண்டினால் ஒருமுறை பாருங்கள். அரச ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே இலவசமாகச் சோதிக்கும் நிலையங்கள் உண்டு.

படி 2: ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்குங்கள்

சராசரி மட்டும் பிரச்சினை இல்லை. தொப்புள்கொடிக் கலங்களை எப்போதும் அதிகச் சீனியில் வைத்ததைவிட, கூடுவதும் குறைவதுமாக மாற்றி மாற்றி வைத்தபோது அதிகமாகச் செத்தன என்று இத்தாலியக் குழு ஒன்று 2001இல் காட்டியது. 2006இல் பிரான்சில் சலரோகக்காரரின் சிறுநீரை அளந்தவர்களும் சீனி அதிகம் ஏறி இறங்கியவர்களிடம்தான் ஒட்சியேற்றத்தின் அடையாளம் கூட என்று கண்டார்கள். வாய்க்காலில் ஒரே சீராகத் தண்ணீர் போனால் வரம்பு தாங்கும், திடீர் திடீரென்று அடித்து வந்தால் அரிக்கும்.

ஆகவே சாப்பாட்டில் செய்யக்கூடிய மாற்றங்கள், பலன் கூடியதிலிருந்து.

குடிப்பதில் உள்ள சீனி முதலில் போக வேண்டும். தேத்தண்ணி, சோடா, நெக்ரர், மோல்ற் மா எல்லாம் பல்லில் படாமல் நேரே இரத்தம். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, இரண்டு கரண்டிப்படி போட்டால் 50 கிராம் ஆச்சு, உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் 25க்குள் நில்லுங்கள் என்கிறது. பனங்கட்டி, தேன், சக்கரை எல்லாம் இதே கணக்கில்தான். அம்மாவுக்கு ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. கடிக்கும் துண்டை வாரத்துக்கு வாரம் பாதியாக்கினோம். ஆறாவது வாரம் ஒரு கடலை அளவு, பிறகு அதுவும் இல்லை. இப்போது இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணி, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்.

அடுத்தது வரிசை. 2015இல் வந்த ஒரு சிறு ஆய்வில் அதே சாப்பாட்டை மரக்கறியும் இறைச்சியும் முதலில், பாணும் பழச்சாறும் கடைசியில் என்று மாற்றியதற்கே சீனி ஏற்றம் கணிசமாகக் குறைந்தது. எங்கள் கோப்பையில் இதை எப்படிச் செய்வது? எல்லாம் ஒன்றாகக் குழைத்துத்தானே சாப்பிடுகிறோம். அம்மா கண்டுபிடித்த வழி: சிறு கிண்ணத்தில் வல்லாரைச் சம்பல் அல்லது முருங்கையிலைச் சுண்டல், அதைத் தனியாகச் சாப்பிட்டு முடித்து, மீன் துண்டில் பாதியையும் சாப்பிட்டு, அதற்குப் பிறகுதான் சோற்றில் கை. சோறும் தானாகக் குறைந்தது.

மூன்றாவது அளவு. கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது பருப்பு. வயலில் நாள் முழுக்க வெட்டிக் கொத்தின காலத்துச் சோற்றளவை இப்போது உழவு மெசினும் அறுவடை மெசினும் வேலை செய்ய நாங்கள் வரம்பில் குடை பிடித்து நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். மொட்டைக்கருப்பன் நல்ல அரிசி, நார்ச்சத்து உண்டு, அதற்காக மலை போலக் குவிக்க முடியாது. குரக்கன் புட்டும் அப்படித்தான். நைசாக அரைத்த மா எந்தத் தானியமாக இருந்தாலும் வேகமாகச் செரிக்கும். இரவுப் புட்டோடு ஒரு பிடி அவித்த பயறோ கௌபியோ சேர்த்தால் நல்லது, மாம்பழம் வாழைப்பழம் குழைத்தால் கெட்டது. இந்த வசனத்துக்கு எனக்கு வீட்டில் நிறையப் பேச்சு விழுந்தது.

பழம்? நெல்லி, கொய்யா பயமில்லை. பாலைப்பழக் காலத்தில் முறிகண்டிப் பக்கம் றோட்டோரம் வாங்கினால் ஒரு கைப்பிடி, பை முழுக்க வேண்டாம்.

படி 3: சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள்

தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமல் தானே கதவைத் திறந்து குளுக்கோசை இழுக்கும். கூடுதலான தண்ணீரை இறக்க வசதியான பெரிய வயல் அதுதான். நாளுக்கு ஒருமுறை அரை மணி நடப்பதைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்திய சீனியை அதிகம் குறைத்தது என்று நியூசிலாந்து ஆய்வொன்று 2016இல் சொன்னது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பலன் கூட. றோட்டில் நாயும் யானையும் என்று சாட்டுச் சொல்லாமல் வளவுக்குள் நடக்கலாம், எங்கள் வீட்டில் கிணற்றடியிலிருந்து கேற்வரை. பாம்பு பயம், ரோச் வேண்டும்.

இன்சுலினோ கிளிபென்கிளமைட்டு, கிளிக்லசைட்டு மாதிரிக் குளிசையோ எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாப்பிடாமல் வயலுக்குப் போவது, கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பது, இரண்டும் சீனியைத் திடீரென்று இறக்கிவிடும். வியர்த்து, நடுங்கி, கண் இருட்டினால், அல்லது மெசினில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். விரதம் பிடிப்பதென்றால் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு மருந்தளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: மருந்தை நிறுத்தாதீர்கள்

சலரோகக் குளிசையான மெற்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்ற கதை வன்னி முழுக்க உலாவுகிறது. சிறுநீரகத்தை அரிப்பது கட்டுப்படாத சீனியும் பிறசரும். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானால் மெற்போமின் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும், அதை வைத்தியர் கிரியற்றினின் என்ற இரத்தச் சோதனையைப் பார்த்து முடிவெடுப்பார். இரண்டும் ஒன்றில்லை. நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், கால் விறைப்புக் கூடினால் அதையும் கேளுங்கள்.

உண்மையில் சிறுநீரகத்துக்குப் பயப்பட வேண்டியது வேறு. நோவுக் குளிசையைக் கடையில் வாங்கி மாதக் கணக்கில் போடுவது, சீனி குறையும் என்று பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கிளாஸ் கிளாஸாகக் குடிப்பது. பிலிம்பியில் ஒட்சாலிக்கமிலம் மிக அதிகம், திடீரென்று சிறுநீரகத்தை நிறுத்திவிடும். வவுனியாப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயும் இருக்கிற நிலத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். பாகற்காய், குறிஞ்சா இலையைக் கறியாகவோ வறையாகவோ சாப்பிடுங்கள், ஆனால் அதை நம்பிக் குளிசையை விடாதீர்கள்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், நேற்று. கலத்துக்கு ஞாபகம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரில் நடந்த ஆய்வில் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண்பாதிப்புத் தொடங்கும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்து இரு பக்கத்தாரின் சீனியும் ஒரே மாதிரி ஆன பிறகும் பல வருடம் அந்த நன்மை தொடர்ந்தது. ஆரம்பத்தில் சீனியை இறுக்காமல் விட்டவர்களுக்கு அந்தத் தீமையும் தொடர்ந்தது.

படி 5: பிறசர், புகை, கீரை

சுருட்டு, சிகரெற், வெற்றிலையோடு புகையிலை, மூன்றையும் விடுங்கள். புகை என்பது வெளியிலிருந்து நேரே ஒட்சியேற்றிகளை உறிஞ்சுவது. பிறசர் 130/80க்குக் கிட்ட இருக்கட்டும். கருவாடும் ஊறுகாயும் குறைய வேண்டும்.

கீரை பழத்தில் உள்ள அன்டிஒக்சிடன்டுகள் நல்லவைதான், சாப்பாடாக வரும்போது நார்ச்சத்தோடும் பொற்றாசியத்தோடும் அளவாக வருகின்றன. பொன்னாங்காணி, பசளி, அகத்தி, கறிவேப்பிலை, வேலியில் நிற்கும் முருங்கை. போத்தலின் விலையை இலங்கை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன், அம்மாவுக்குச் சொல்லவில்லை.

படி 6: கண், சிறுநீர், கால்

வருடத்துக்கு ஒருமுறை மருந்து விட்டு விழித்திரை பார்க்க வேண்டும், பார்வை தெளிவாக இருந்தாலும். பார்வை மங்கும்போது போனால் பிந்திவிட்டது. சிறுநீரில் நுண்ணிய அல்புமின் சோதனையும் வருடத்துக்கு ஒன்று. கிரியற்றினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே சிறுநீரகப் பழுதை அது காட்டிக்கொடுக்கும்.

கால் ஒவ்வொரு நாளும். அம்மாவின் இடது குதிக்காலில் போன மாரியில் ஒரு விடத்தல் முள் நான்கு நாள் இருந்தது. அவருக்குத் தெரியாது. நான் கண்டது கால் கழுவிய தண்ணீர்ச் சுவடு சீமெந்தில் மங்கலான சிவப்பாக இருந்ததால். நோகவில்லையா என்றால் இல்லை என்கிறார். அவ்வளவு மரத்திருக்கிறது. அன்றிலிருந்து இரவில் விளக்கடியில் முகம் பார்க்கும் கண்ணாடியொன்றைத் தரையில் வைத்து அதன் மேல் பாதத்தைப் பிடித்துப் பார்க்கிறார், விரலிடுக்கை ஈரம் துடைக்கிறார், வீட்டுக் கோடிக்குப் போவதென்றாலும் செருப்பு.

கண்ணிவெடியிலோ செல்லிலோ ஒரு காலை இழந்தவர்கள் எங்களிடையே நிறையப் பேர். அவர்களில் சலரோகம் வந்தவர்கள் மற்றக் காலைக் கண் போலப் பார்க்க வேண்டும், பொய்க்கால் உரசும் இடத்தையும் சேர்த்து. பொய்க்கால் இறுக்கமாகிவிட்டால் துணி சுற்றிச் சமாளிக்காமல் செய்த இடத்திலேயே கொடுத்துச் சரிபாருங்கள். கொப்புளமோ வெட்டோ கண்டால் மஞ்சள் அப்பி மூன்று நாள் பார்ப்போம் என்று இருக்காமல், அன்றைக்கே முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.